கரும்பு லாரியின் மேல் ஒரு மஞ்சள் தலைப்பாகை

ம்யூனிக் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்ற இடத்திலேயே அந்தப் பாட்டு வந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரச் சிறுமி தன் அப்பாவின் கைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தலைப்பாகை கட்டிய ஒருவர் கரும்பு ஏற்றிய லாரியின் உச்சியில் நின்று ஆடுகிறார். லாரி ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் விழுவதே இல்லை. சிறுமி இரண்டு கைகளையும் தூக்கித் தோளைக் குலுக்கினாள். அவள் அப்பாவும் குனிந்து அதே மாதிரி குலுக்கினார். பிறகு என் நிறத்தைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்த்ததுபோலச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மரியாதைக் குறைவுதான். ஆனால் என் மகளைக் கீழே தள்ளியது அந்தப் பாட்டுதான் என்று அன்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அது பஞ்சாபிப் பாட்டு. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. கரூரில் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஆட்டோவில், காதுகுத்து வீட்டில், பள்ளி ஆண்டு விழாவில் எல்லாம் அதுதான். என் அக்கா மகன் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையே இறங்கி வந்து என்னை மேடைக்கு இழுத்தான். "மாமா, ஒரே ஒரு ஸ்டெப்." கீழே, என்னிடம் வேதியியல் படித்த பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையைத் தூக்கினேன், தோளைக் குலுக்கினேன், இறங்கிவிட்டேன். அரை நிமிடம் இருக்கும். என் மகள் கீர்த்தனா அதைப் படம் பிடித்துவிட்டாள். "அழிச்சுப் போடு சாமி" என்றேன். "சரிங்கப்பா" என்றாள்.

எங்களுக்கு ஒரே மகள். ம்யூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் மேற்படிப்பு, இரண்டாம் வருடம். நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசர் ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளில் போனவள், ஈர இலையில் சறுக்கிச் சரிவில் உருண்டிருக்கிறாள். இடது தொடை எலும்பு முறிந்தது. தலையிலும் அடி. அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் அவள் நினைவில் இல்லை. யாரோ ஒரு பெண்மணி பார்த்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். கீர்த்தனாவின் வகுப்புத் தோழி துஷா காவல்துறையின் குறிப்பை எனக்குத் தொலைபேசியில் படித்துச் சொன்னாள். அதில் ஒரு வரி: கண்டெடுத்தபோது அவள் கைபேசியில் ஓர் இந்தியப் பாட்டு சத்தமாக ஒலித்துக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் தெரிந்த அந்த லாரிப் பாட்டு என்று பார்த்தவர் சொன்னார்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறாள் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு இரவு ஒன்பது மணி நான் அவளை அழைக்கும் நேரம். ஜெர்மனியில் அப்போது மாலை நாலரை. எடுக்காவிட்டால் மறுபடி அழைப்பேன், எடுக்கும்வரை அழைப்பேன். என் மனைவி மல்லிகா ஒவ்வொரு வாரமும் திட்டுவாள். "ஏனுங்க, புள்ளைக்கு ஆயிரம் சோலி இருக்கும். கடன் கொடுத்தவனாட்டம் விடாம அடிச்சுட்டே இருப்பீங்களா?" அந்த ஞாயிறு பதினேழு முறை அழைத்தேன். அதற்குப் பிறகு கைபேசி அணைந்துவிட்டது. முதல் அழைப்பை எடுக்கத்தான் ஒரு கையை விட்டாளோ, அதில்தான் சைக்கிள் சறுக்கியதோ என்ற எண்ணம் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பழியைப் பாட்டின் மேல் போட்டால் கொஞ்சம் தூங்க முடிந்தது.

கையோடு அவளை ஊருக்குக் கூட்டி வந்துவிடுவது என்று நானும் மல்லிகாவும் முடிவு செய்திருந்தோம். மல்லிகாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாததால் நான் மட்டும் வந்தேன்.

வெளியே துஷாவின் அப்பா யோகநாதன் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் பள்ளி ஆசிரியர் என்று துஷா சொல்லி வைத்திருந்தாள்.

"வாங்கோ மாஸ்டர். உந்த ஜாக்கெட் கரூருக்குச் சரி, இஞ்ச நிக்காது" என்று தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். அவர் ஸ்வெட்டரோடு நடந்தார். நான் மறுத்தபோது, "எனக்குக் குளிர் பழகீட்டுது. நீங்கள் விழுந்தா அங்க ரெண்டு கட்டில் வேணும்" என்றார்.

கீர்த்தனா கட்டிலில் பாதியாகத் தெரிந்தாள். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். வாயில் வந்தது, "சாப்பிட்டியா சாமி?"

"இவ்ளோ தூரம் பறந்து வந்து இதைத்தான் கேப்பீங்களாப்பா" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் தலை வலித்தது. பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். தாதி ஒரு நெகிழிப் பையைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். ஒற்றைக் கையுறை, சாவி, கண்ணாடி நொறுங்கிய கைபேசி. அதை என் பெட்டியின் அடியில் வைத்தேன். கண் விழித்ததும் அவள் கேட்டது அதைத்தான். தலையில் அடிபட்டவர்கள் திரையைப் பார்க்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது முதல் வாரத்துக்கு மட்டும்தான். நான் அதை இரண்டாம் வாரத்துக்கும் நீட்டித்தேன்.

இங்கே ஆஸ்பத்திரியில் மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு வந்துவிடுகிறது. கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, பாலாடைக்கட்டி, ஊறுகாய் என்று ஒரு வெள்ளரிப்பிஞ்சு. எதிலும் சூடு இல்லை. நோயாளிக்கு இப்படியா என்று எனக்கு மனம் ஆறவில்லை. யோகன் அண்ணனின் மனைவி ராஜி அக்கா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பிளாஸ்கில் கொடுத்தனுப்புவார். பக்கத்துக் கட்டில் ஜெர்மன் அம்மாள் மூக்கை நீட்டி மோந்துவிட்டு ஏதோ கேட்டார். "அவங்களுக்கும் கொஞ்சம் வேணுமாம்பா" என்றாள் கீர்த்தனா. மறுநாளிலிருந்து பிளாஸ்க் பெரிதாயிற்று.

லோஹோஃபில் யோகன் அண்ணன் வீட்டில்தான் எனக்கு ஜாகை. முதல் ஞாயிறு காலை, சும்மா இருக்கிறோமே என்று அவர்கள் வீட்டுக் காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு தெருமுனையில் பழைய கண்ணாடி சேகரிக்கும் தொட்டியில் போடப் போனேன். மூன்றாவது பாட்டில் உள்ளே விழுந்து உடைந்தபோது எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. ஒரு வயதான அம்மாள் விரலை நீட்டி எதையோ பொழிந்தார். எனக்குப் புரிந்தது குரல் மட்டும்தான். வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் நான் பேசும் குரல்.

யோகன் அண்ணன் செருப்போடு ஓடி வந்தார். "மாஸ்டர், விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடேலாது. பாட்டில் போடக்கூடாது, சுவருக்கு ஆணி அடிக்கக்கூடாது, புல்லு வெட்டக்கூடாது."

"பகல் பதினோரு மணிங்க அண்ணா."

"பகலோ ராவோ, ஞாயிறெண்டால் ஞாயிறுதான். இஞ்சத்தைய சனம் சும்மா நிண்டு பாக்காது. இறங்கி வந்து பேசும்."

கரூரில் ஞாயிற்றுக்கிழமைதான் ஒலிபெருக்கிக்கு நல்ல நாள். மீதிப் பாட்டில்களைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டு திரும்பினேன்.

இரண்டாம் வாரம் கீர்த்தனாவை ஃப்ரைசிங் ஊருக்கு, நடக்கப் பழக்கும் நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கே போகும் ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்று யோகன் அண்ணன் சொல்லித்தான் அனுப்பினார். ஒரு பாதி ஃப்ரைசிங், மறு பாதி விமான நிலையம். அறிவிப்பைக் கேட்டுப் பெட்டி மாறவேண்டும். அறிவிப்பு வந்தது. எனக்கு எதிரே இருந்த மாணவன் கைபேசியிலும் அதே நேரத்தில் மஞ்சள் தலைப்பாகை வந்துவிட்டது. என் காது அதற்குள் போய்விட்டது. சன்னலுக்கு வெளியே விமானம் ஒன்று தாழப் பறந்தபோதுதான் எந்தப் பாதியில் இருக்கிறேன் என்று தெரிந்தது. பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிறவர்கள் நடுவில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சில நாளில் நானும் மகளும் இங்கேதான் வந்து நிற்போம் என்று நினைத்தேன். ஏனோ அந்த நினைப்பு ஆறுதலாக இல்லை.

பாட்டு என்னைச் சும்மா விடவில்லை. கிறிஸ்துமஸ் சந்தையில் குடைராட்டினம் அதைப் போட்டுத்தான் சுற்றியது. ஆட்டிறைச்சி ரொட்டி விற்கும் துருக்கிக்காரர் என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் குலுக்குவார். நடைப்பயிற்சி நிலையத்தில் முழங்கால் மாற்றிக்கொண்ட பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், "நீங்கள் இந்தியர்தானே, அதில் என்ன சொல்கிறான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் நாட்டில் எத்தனை மொழி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனால் என்ன சொல்கிறான்?" என்றார்.

பயிற்சியாளர் யோனாஸ் இருபத்தெட்டு வயதுப் பையன். இணைகம்பிகளுக்கு நடுவில் நோயாளிகளை நிறுத்தி, தாளத்துக்கு அடி எடுத்து வைக்கச் சொல்வான். ஒவ்வொருவருக்கும் பிடித்த பாட்டைப் போடுவான். தபால்காரருக்கு ஊதுகுழல் இசை. "உங்கள் மகளுக்கு எது பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டான்.

"பாட்டு வேண்டாம்" என்றேன்.

கீர்த்தனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எலும்பு ஒட்டிவருகிறது, பாரம் வைக்கலாம் என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் இடது காலைத் தரையில் வைப்பதற்குள் உடம்பு பின்வாங்கியது. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிடும். வலது காலிலேயே நொண்டுவாள். நான்கு நாள் அப்படியே போயிற்று. "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "வலி இல்லீங்கப்பா. பயமா இருக்கு. எதுக்குப் பயப்படறேன்னே ஞாபகம் இல்ல."

அன்று மாலை யோகன் அண்ணனிடம் பல்கலைக்கழகப் படிவத்தைக் காட்டினேன். படிப்பை நிறுத்திக்கொள்ள விண்ணப்பம். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

"இந்த அன்ட்ராக் படிவத்தை நான் நிரப்பித் தாறன், அது பெரிய வேலையில்லை. பிள்ளையிட்டக் கேட்டனீங்களே?"

"இன்னும் இல்லீங்க. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும்."

"பஸ்ஸுக்குள்ள இருக்கிற சனத்தைக் கேளாமல் நான் ஒருநாளும் ரூட் மாத்தினதில்லை மாஸ்டர்."

ராஜி அக்கா அடுக்களையிலிருந்து, "போன வருசம் ரோட்டு வேலையெண்டு மாத்தினனீங்கள்தானே" என்றார்.

"அது வேற கதை. நீ புட்டைப் பார்."

மறுநாள் கீர்த்தனாவிடம் சொன்னேன். சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கப்பா? விழுந்தவங்க எல்லாரும் படிப்ப விட்டுட்டா போறாங்க?"

"பாட்டுக் கேட்டுட்டு சைக்கிள் ஓட்டற புள்ளைய இங்க தனியா விட என்னால முடியாது."

"நான் ஓட்டறப்ப பாட்டு கேக்கமாட்டேன். ஒரு நாளும் கேட்டதில்ல."

"அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே உனக்கு ஞாபகமில்லையே சாமி."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வாக்கியம் என்று தெரிந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சொதி அப்படியே திரும்பி வந்தது.

அதற்கு அடுத்த நாள் யோகன் அண்ணனுக்கு விடுமுறை. என்னோடு வந்திருந்தார். பகல் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். குட்டையான வெள்ளை முடி, சேறு படிந்த நடைக்காலணி, கையில் துணியால் மூடிய ஆப்பிள் கேக். பெயர் ஹில்டெகார்ட் என்றார். கீர்த்தனாவைக் கண்டெடுத்தது தான்தான் என்றார்.

நான் எழுந்து கும்பிட்டேன். அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். யோகன் அண்ணனிடம் ஏதோ சொன்னார். அவர் முகம் குழம்பிப்போயிற்று.

"மாஸ்டர், உங்களை இவ முதலே பாத்திருக்கிறாவாம்."

"என்னையா? எங்க?"

"பிள்ளையின்ர போனில. ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு நிண்டனீங்களாம்."

கீர்த்தனா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் பேசப் பேச, யோகன் அண்ணன் சொன்னார். அவர் வாயில் ஹில்டெகார்ட் அம்மாள் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார்.

"நாலு மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டனான். பாதையில சைக்கிள் ஒண்டு சரிஞ்சு கிடந்தது. ஆரோ எறிஞ்சுபோட்டுப் போயிட்டினம், என்ன சனமெண்டு நினைச்சுக்கொண்டு தாண்டிப் போயிட்டன். திரும்பி வரேக்க இருட்டுப் பட்டிட்டுது. பாட்டுக் கேக்குது. இந்த லாரிப் பாட்டு. என்ர பேத்தி நாள் முழுக்க ஆடுறது. ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்கரையில இப்படிச் சத்தமோ எண்டு எனக்குக் கோபம். பாட்டு நிண்டுது. சரி, போயிட்டினம் எண்டு பாத்தன். திரும்ப முதல்ல இருந்து தொடங்குது. நிக்குது. திரும்பவும் தொடங்குது. ஒருக்காவும் முடிய விடயில்லை. எனக்குப் பொறுக்கேல்லை. ரெண்டு வார்த்தை பேசவேணும் எண்டு சரிவில இறங்கினன்."

யோகன் அண்ணன் நிறுத்தினார். ஹில்டெகார்ட் அம்மாள் கேக்கை மூடிய துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"திட்டத்தான் போனவவாம், மாஸ்டர். அங்க பிள்ளை கிடந்திருக்கு. போன் புல்லுக்குள்ள வெளிச்சமடிச்சுக்கொண்டு பாடுது. கண்ணாடி உடைஞ்சதால எடுக்கேலாமல் போச்சாம். அதிலதான் உங்கட படம்."

நான் கீர்த்தனாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அது பாட்டு இல்லீங்கப்பா. உங்க போன் கால். கல்யாணத்துல நீங்க ஆடினத அழிக்கவே இல்ல. அதைத்தான் நீங்க கூப்பிட்டா வர்ற மாதிரி வெச்சிருந்தேன். படமும் அதுதான். நீங்க கூப்பிடறப்பல்லாம் ரூம்ல எல்லாரும் எந்திரிச்சு ஆடுவாங்க. அதான் நான் உடனே எடுக்கறதே இல்ல."

பதினேழு முறை. நான் கரூரில் மேசை முன்னால் உட்கார்ந்து, மல்லிகா திட்டத் திட்ட எண்ணை அமுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே புல்லுக்குள் பதினேழு முறை அது பாடியிருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டியிருந்தது. "சைக்கிள் கிடந்தத பாத்தப்ப பாட்டுச் சத்தம் இருந்துதான்னு கேளுங்கண்ணா."

கேட்டார். அந்த அம்மாள் இல்லை என்று தலையை அசைத்தார். "இல்லையாம் மாஸ்டர். அப்ப ஒரு சத்தமும் இல்லையாம். அதுக்குப் பிறகு அரைமணித்தியாலம் கழிச்சுத்தான் பாட்டாம்."

நான் அழைக்கும் முன்பே அவள் விழுந்துவிட்டிருந்தாள்.

ஹில்டெகார்ட் அம்மாள் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். மெல்ல ஏதோ சொன்னார். யோகன் அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இதைச் சொல்லத்தானாம் வந்தவ. முதல் தரம் சைக்கிளைக் கண்டபோதே இறங்கிப் பாத்திருக்கவேணுமாம். அரைமணித்தியாலம் பிள்ளை குளிருக்குள்ள கிடந்தது தன்னாலதானாம். நித்திரை வரேல்லையாம்."

நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தேன். அவர் கை சில்லென்று இருந்தது. கேக்கை வெட்டி முதல் துண்டை அவருக்கே கொடுத்தேன். கீர்த்தனா ஜெர்மன் மொழியில் நெடுநேரம் அவரிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பாட்டில அந்த ஆள் என்னதான் சொல்லுறார் எண்டு கேக்கிறா."

"சாப்பிட்டியான்னு கேக்கறார்" என்றேன்.

யோகன் அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு முகத்தில் அசைவில்லாமல் அப்படியே மொழிபெயர்த்தார். ஹில்டெகார்ட் அம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, நல்ல கேள்விதான் என்று தலையசைத்தார்.

கைபேசியை அன்றே பெட்டி அடியிலிருந்து எடுத்தேன். யோகன் அண்ணனுக்குத் தெரிந்த கடையில் மறுநாள் மத்தியானத்துக்குள் கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கீர்த்தனாவின் கையில் கொடுத்து, இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததையும் சொன்னேன். "தெரியும்பா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது" என்றாள்.

மாலைப் பயிற்சிக்கு அதை எடுத்துக்கொண்டு போனோம். யோனாஸிடம் அவள் ஏதோ சொன்னாள். அவன் கைபேசியை வாங்கி, இணைகம்பிகளின் மறுமுனைக்கு அப்பால் சன்னலோரம் ஒரு நாற்காலியில் வைத்தான். நான் அவள் பின்னால், ஆரம்பத்தில் நின்றேன்.

"கூப்பிடுங்கப்பா."

அழைத்தேன். என் காதில் வழக்கமான மணிதான். நாற்காலியில் பஞ்சாபி டோல் மேளம் முழங்கியது. கரும்பு லாரி கிளம்பியது. கீர்த்தனா வலது காலை வைத்தாள். இடது கால் காற்றில் தயங்கியது. விரல்கள் வெளுத்தன. பாட்டு நின்றுபோயிற்று.

மறுபடி அழைத்தேன். அவள் இடது கால் தரையைத் தொட்டது. தொட்டது, நின்றது. தபால்காரர் தன் சைக்கிள் இயந்திரத்தில் மிதிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார். வலது, இடது. வலது, இடது. கம்பி முடிவதற்குள் பாட்டு மறுபடி நின்றது.

"விடாதீங்கப்பா. அடிங்க."

அடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். தபால்காரரின் தோள்கள் ஆடத் தொடங்கின. யோனாஸ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். கம்பி முடிந்த இடத்தில் அவள் ஒரு கணம் நின்றாள். பிடிக்க எதுவும் இல்லாத இரண்டு அடி. வைத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கப்பா."

அந்தக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து நான் கேட்டேன். "சாப்பிட்டியா சாமி?"

"இன்னும் இல்லீங்கப்பா. பசிக்குது."

படிவத்தை யோகன் அண்ணன் நிரப்பவே இல்லை. நான் கிளம்பும் நாளில் அதன் பின்பக்கத்தில் ராஜி அக்கா சொதிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு இருந்தது. மல்லிகா செய்து பார்க்கட்டும் என்றார். விமான நிலையத்துக்கு இந்தமுறை சரியான பாதியில் உட்கார்ந்தேன். ஊன்றுகோலோடு வழியனுப்ப வந்த கீர்த்தனா ஒரே ஒரு வாக்குக் கேட்டாள். "எடுக்கலேன்னா பதறக்கூடாதுங்கப்பா. ஒரு தடவை கூப்பிட்டு விட்டுடுங்க. நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்." சரி என்று தலையாட்டினேன்.

போன ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அழைத்தேன். முழுதாக ஒலித்து நின்றது. எடுக்கவில்லை. விரல் தானாக மறுபடி போயிற்று. வாக்கு நினைவுக்கு வந்தது. கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சமையலறையிலிருந்து மல்லிகா எட்டிப் பார்த்தாள். "எடுக்கலீங்களா?"

"இல்ல. ஏதாவது சோலியா இருப்பா."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். கைபேசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அதுக்குன்னு இப்படியே உக்காந்திருப்பீங்களா? மறுபடி அடிங்க."